ஜெபத்துக்கு முன் ஒரு பிடி பொரி

மகனே,

சபையின் மாதர் சங்கம் நடத்தும் சிறு பத்திரிகைக்கு, பிள்ளை உண்டான தொடக்க மாதங்களில் வரும் குமட்டலையும் வாந்தியையும் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இயற்கை விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பத்திரிகையைப் பெண்கள்தான் படிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இதில் என்னைவிட அனுபவம் உண்டு. படிக்க வேண்டியவர்கள் ஆண்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன். வேண்டுமானால் இதையே அவர்கள் அச்சிட்டுக் கொள்ளட்டும். எழுதி முடித்த பக்கங்களை லீலாவிடம் கொடுத்தேன். உன் மனைவி இரண்டு இடங்களில் கோடு போட்டு அடித்துவிட்டு, "மத்தது கெடக்கட்டு மாமி" என்றாள். அடித்தது என்ன என்று அவளிடமே கேட்டுக்கொள்.

பம்பாயிலிருந்து நீ அவளுக்கு எழுதியதை எனக்குக் காட்டினாள். அதில் மூன்று விஷயம் சொல்லியிருந்தாய். இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள். அப்பாவின் மனம் நோகாமல் நடந்துகொள். இந்தக் கலவர நேரத்தில் அதியன்னூரில் உன் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டாம். அன்போடுதான் எழுதியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்றையும் அவள் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாள், அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இப்போது தேறிவிட்டாள் என்பதால் இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது. நீ கவலைப்பட்டு வேலையை விட்டுவிட்டு ரயிலேற வேண்டாம். ஆனால் அடுத்த மாதம் நீ வரும்போது அவள் எங்கே இருப்பாள், ஏன் அங்கே இருக்கிறாள் என்பதைக் கேள்விப்பட்டுக் கோபப்படாமல் இருக்க, நடந்ததை முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னைச் சுமந்திருந்தபோது எனக்கு ஒரு நாள்கூட வாந்தி வந்ததில்லை. கருவாடு வறுத்தால்கூட அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் இதைப் பற்றி நான் படித்தும் பார்த்தும் அறிந்ததுதான், பட்டு அறிந்தது ஒன்றுமில்லை. பட்டவர்களும் எல்லோரும் ஒரே விதமாகச் சொல்வதில்லை. நம் வீட்டுக்கு லீலாவைப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, வாந்தி கூடினால் பிள்ளைக்குத் தலைமுடி கூடும் என்றாள். இன்னொருத்தி ஆண்பிள்ளைதான் என்றாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சீசாவில் கறுப்பாக ஒரு லேகியம் கொண்டுவந்து, "இதுல என்ன உண்டுன்னு கேக்கப்பிடாது, விழுங்கணும்" என்றாள். என்ன உண்டு என்று தெரியாத எதையும் பிள்ளை உண்டானவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னதில் அவளுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இருக்கட்டும்.

நீ போன மறுவாரமே தொடங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் காயும் வாசனை, மண்ணெண்ணெய் விளக்கின் புகை, நெல் அவிக்கும் ஆவி, எல்லாமே அவளுக்கு ஆகாமல் போயிற்று. பகலில் எப்படியோ சமாளித்தாள். சிக்கல் காலையில்தான். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். விடிவதற்கு முன் எழுந்து கூடத்தில் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். ஜெபம் முடியும்வரை பால் விடாத கட்டன் காப்பிகூட வாயில் படக் கூடாது. நீ இருந்தபோது அது ஒரு பாட்டு, ஒரு வேத பாகம், ஒரு சின்ன ஜெபம் என்று முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. தமிழ் பேசும் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி சூடு பிடித்ததிலிருந்து, உன் அப்பா தாலுகா தாலுகாவாக ஜெபிக்கிறார். தோவாளையில் ஆரம்பிப்பார். அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று வடக்கே ஏறி வருவார். ஒவ்வொன்றிலும் ஜெயிலுக்குப் போனவர்கள், அடிபட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று தனித்தனியாக விண்ணப்பம் உண்டு. நெய்யாற்றின்கரை நம் சொந்தத் தாலுகா, கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் அதைப் பற்றித்தான், ஆகவே அங்கே வந்ததும் குரல் தழுதழுத்து இன்னும் கொஞ்சம் நின்றுவிடுவார். பிறகு செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு. எல்லோரும் முழங்காலில் நிற்போம். நூல் கடையில் நாள் முழுக்கக் குறைவாகப் பேசுகிற மனிதர் அவர். பேச்சையெல்லாம் காலைக்கு என்று சேர்த்துவைத்திருக்கிறார் போல.

லீலா முந்தின நாள் அந்திக்குச் சாப்பிட்டவள். வெறும் வயிற்றோடு, விளக்குப் புகையில், முழங்காலில் நிற்கிறாள். அப்பா நெய்யாற்றின்கரைக்கு வரும்போது அவளுக்குப் புரட்டிக்கொண்டு வரும். வாயைப் பொத்திக்கொண்டு புறவாசலுக்கு ஓடுவாள். முதல் நாள் எல்லோரும் பாவம் என்றார்கள். மறுநாளும் அதே இடத்தில் ஓடினாள். அதற்கடுத்த நாளும். உன் சித்தப்பா இப்போது தினமும் காலை ஜெபத்துக்கு நம் வீட்டுக்கு வருகிறார், ஜெபம் முடிந்ததும் கிளர்ச்சிச் செய்தி பேசலாம் என்பதற்காக. அவர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"அண்ணே, கவனிச்சியளா? நெய்யாற்றங்கரைன்னு வாயில வந்த ஒடனே மருமவளுக்கு ஓக்காளம் வருது. விளவங்கோடு வரைக்கும் ஒரு கொழப்பமும் இல்ல. அவ அப்பனுக்க ரத்தமாக்கும்!"

"சும்ம கெடலே" என்றார் உன் அப்பா. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

லீலாவின் அப்பா அதியன்னூரில் மலையாளப் பள்ளிக்கூட வாத்தியார் என்பதும், நெய்யாற்றின்கரைத் தாலுகா எங்கும் போக வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று கூட்டத்தில் பேசியவர் என்பதும் உனக்குத் தெரியும். கல்யாணப் பந்தலில் கட்டிப்பிடித்துக்கொண்ட சம்பந்திகள் இப்போது சந்தையில் கண்டால் தலையை மட்டும் அசைத்துக்கொள்கிறார்கள். இந்த நிலைமையில் சித்தப்பா சொன்னது வெறும் கேலியாக நிற்கவில்லை. புறவாசலில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த லீலாவின் காதிலும் விழுந்தது. உள்ளே வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்பு மூட்டப் போனாள்.

எனக்கு வாதாடுவதில் விருப்பமில்லை, ஆனால் சோதித்துப் பார்க்க முடிகிற ஒன்றைச் சோதிக்காமல் விடவும் மனம் வரவில்லை. அன்று சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்ததும் சொன்னேன்: "இஞ்சேருங்க, நாளைக்கு ஜெபத்துல தாலுகாவத் திருப்பிப் போடணும்."

"திருப்பிப் போட அது என்ன தோசையா?"

"நெய்யாற்றங்கரைய முதல்ல சொல்லுங்க. தோவாளையக் கடைசீல வையுங்க. ஆண்டவருக்கு வரிசை முக்கியமா என்ன?"

"ஆண்டவருக்கு இல்ல. எனக்கு மறந்து போவும்."

முணுமுணுத்தார், ஆனாலும் செய்தார். மறுநாள் நெய்யாற்றின்கரையில் ஆரம்பித்துத் தெற்கே இறங்கினார். நான் ஜெபத்தில் கண்ணை மூடவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டால் மாதர் சங்கத்தார் மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன். நெய்யாற்றின்கரைக்கு லீலா அசையவில்லை. விளவங்கோட்டுக்கும் அசையவில்லை. அகஸ்தீஸ்வரம் முடிந்து தோவாளைக்குள் நுழைந்ததும் எழுந்து ஓடினாள். ஆமென் சொன்ன பிறகு சித்தப்பாவிடம் கேட்டேன்: "தோவாளைக்கும் அவ அப்பாவுக்கும் என்ன பகை தம்பி? அவரு அந்தப் பக்கம் போனதே இல்லியே."

"பி.ஏ. படிச்ச அண்ணிக்க கிட்ட என்னத்தப் பேச" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று என் மாணவிகளுக்குச் சொல்வதுண்டு. அதனால் இன்னும் சில நாள் வரிசையை மாற்றிப் பார்த்தோம். எந்தத் தாலுகாவாக இருந்தாலும், முழங்காலில் நின்று ஏறக்குறைய அதே நேரம் ஆனதும் அவளுக்குக் குமட்டிற்று. வயிறு காலியாக இருப்பதுதான் இந்தக் குமட்டலைத் தூண்டும் பெரிய காரணங்களில் ஒன்று. சாப்பிட்டால் வாந்தி வரும் என்று பயந்து வயிற்றைக் காலியாக வைத்தால் குமட்டல் கூடும், கூடினால் சாப்பிடப் பிடிக்காது, மறுபடி காலி. படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே வறண்டதாக ஏதாவது கொஞ்சம் மென்று தின்று, சற்று நேரம் அப்படியே கிடந்துவிட்டுப் பைய எழுந்தால் பலருக்குக் குறைகிறது. நான் நெல்பொரி வறுத்து டப்பாவில் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தேன். அவள் வீட்டில் அதை மலர் என்பார்கள், அதையே வெந்நீரில் போட்டு வடித்தும் வாந்திக்குக் கொடுப்பார்களாம். ஆனால் பொரி டப்பாவைப் பார்த்ததும் அப்பா முறைத்தார்.

"ஜெபத்துக்கு முன்னயா? வாயில போட்டுச் சவச்சிட்டு ஆண்டவருக்க முன்ன நிக்கதா? எங்க அப்பன் காலத்துலேருந்து இந்த வீட்ல அது கெடையாது."

"அப்ப அவ படுத்தே கெடக்கட்டு. ஜெபம் அவ காதுல விழும்."

இதற்கு அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாதவள் லீலா. "எல்லாரும் முழங்கால் போடும்போ நான் மட்டும் கெடந்தா, சின்ன மாமா பின்னயும் ஏதாவது சொல்லுவாவ" என்றாள். அப்பாவின் மனம் நோகாமல் நடந்துகொள் என்ற உன் வரியும் அவள் தலைக்குள் இருந்திருக்க வேண்டும். பொரி டப்பா அப்படியே இருந்தது. கொஞ்ச நாளில் அவள் ஜெபத்துக்கு நடுவே ஓடுவது நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்பாவும் தாலுகாக்களைப் பழைய வரிசைக்குக் கொண்டுபோனார்.

ஒரு ஹர்த்தால் நாளில் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், லீலா காலையிலிருந்து ஒரு தடவைகூடப் புறவாசல் பக்கம் ஒதுங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. எழுந்து நின்றால் சுவரைப் பிடித்தாள். இதைப் பற்றி மாமியார் மருமகளிடம் பேசும் வழக்கம் நம் பக்கம் கிடையாது. நான் நேராகக் கேட்டேன்: "சிறுநீர் போச்சா?"

"நேத்து அந்திக்குப் போனேன் மாமி. கட்டன் சாயா போல இருந்துது."

"வெள்ளம் குடிச்சியா?"

"குடிச்சாத்தானே வரும்?" என்றாள். "ராத்திரி சாப்பாட்டையும் விட்டுட்டேன். இப்போ ஜெபத்துல வரதில்ல, பாத்தியளா?"

பெருமையோடுதான் சொன்னாள். வாந்தியைக் குறைத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். உள்ளே ஒன்றுமே போகாததால் வெளியே வரவும் ஒன்றும் இல்லை. உடம்பு வற்றிக்கொண்டிருந்தது. ஒரு தேக்கரண்டி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது, பச்சையாகப் பித்தத்தோடு. மகனே, இந்த இடத்தை மட்டும் நீ இரண்டு தடவை படி. சாதாரண மசக்கைக்கு வீட்டு வைத்தியம் போதும். ஆனால் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் போனால், சிறுநீர் குறைந்து நிறம் கறுத்தால், எழுந்தால் தலை சுற்றினால், உடல் மெலிந்துகொண்டே போனால், காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்துகொண்டால், வாந்தியில் ரத்தம் தெரிந்தால், அது வீட்டில் வைத்துப் பார்க்கிற காரியமில்லை. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஹர்த்தால் அன்று பஸ் ஏது? சித்தப்பா வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். வந்து, சுவரோரம் சாய்ந்திருந்த லீலாவின் முகத்தைப் பார்த்தவர் பாறசாலைச் சந்திப்புக்கு ஓடிப்போய், கிளர்ச்சிக் கொடி கட்டினால்தான் வண்டியை எடுப்பேன் என்ற ஒருவரை, கொடியையும் தானே கட்டிக்கொடுத்து, வாடகைக் காரோடு அழைத்துவந்தார். அப்பா முன்னால் ஏறினார். பின்னால் எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் லீலா. நெய்யாற்றின்கரை டவுனில் ஒரு பெண் டாக்டர் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரிதான் கிட்டத்தில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ரோட்டுக்குக் குறுக்கே பாறாங்கல் கிடந்தது. பக்கத்தில் தொண்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா தலையை வெளியே நீட்டினார்.

"எலே, கல்ல மாத்துங்கலே!"

"அண்ணாச்சி, காலைல நீங்கதானே உருட்டிப் போடச் சொன்னியோ? முதலமைச்சரே வந்தாலும் மாத்தப்பிடாதுன்னு சொன்னியோ?"

"முதலமைச்சரு வந்தா மாத்தாண்டாம். இது பிள்ளத்தாச்சியாக்கும். பிடிலே!"

அவரும் இறங்கிப் பிடித்தார். வண்டி கிளம்பியதும் லீலாவுக்கு மறுபடி குமட்டிற்று. நான் கொண்டுவந்த கும்பாவை எடுப்பதற்குள் சித்தப்பா அதை வாங்கி அவள் வாயருகே பிடித்துக்கொண்டார். லீலா கூச்சத்தில் முகத்தைத் திருப்பினாள். "நான் பிடிச்சோளாம் மக்கா. நீ ஒண்ணும் யோசிக்காத" என்றார். அமரவிளைப் பாலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொடியை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் தாலுகா பிரியக் கூடாது என்பவர்கள்; அங்கே அந்தக் கொடியோடு போனால் கல் வேறு விதமாக வரும்.

டாக்டர் லீலாவின் கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். அது மெதுவாகத்தான் இறங்கியது. முதலில் பி வைட்டமின் ஊசி, பிறகு கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் கலந்த உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கொஞ்சம் முன்பே கொண்டுவந்திருக்கலாம் என்று மலையாளத்தில் சொன்னார், திட்டவில்லை. அவளுடைய மனசில் ஏதாவது உண்டா, பிள்ளை வேண்டாம் என்ற எண்ணம் உண்டா என்று சில டாக்டர்கள் இன்னும் கேட்கிறார்கள், அப்படி எழுதிய புத்தகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. ஆசைப்பட்டுச் சுமக்கிறவளும் வாந்தியெடுக்கிறாள், விருப்பமில்லாதவளும் எடுக்காமல் இருக்கிறாள். இதைத் தெரிந்துகொள்ள நம் தெருவை ஒரு தடவை சுற்றி வந்தாலே போதும்.

லீலாவின் அப்பா செய்தி கேட்டு அதியன்னூரிலிருந்து சைக்கிளில் வந்தார். "மோளே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் காலருகே நின்றுகொண்டிருந்தார். பிறகு வெளியே பெஞ்சில் உன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார், வேறு பெஞ்சு அங்கே இல்லை. அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து உன் அப்பா ஒரு பாக்கை எடுத்துக்கொண்டார்.

சிறுநீர் தெளிந்து, கஞ்சித் தண்ணீர் வயிற்றில் நிற்க ஆரம்பித்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். காலையில் எழுவதற்கு முன் வறண்டது ஏதாவது தின்னச் சொன்னார். "ஜெபத்துக்கு முன்னயா?" என்று அப்பா கேட்டார். எழுவதற்கு முன்னால் என்றார் டாக்டர், ஜெபத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. உன் அப்பா சொன்னார்: "இப்போ அங்கோட்டுப் போனா ஆளுவ என்ன சொல்லும்? தாலுகாச் சண்டையில மருமவள அப்பன் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு சொல்லும்." லீலாவின் அப்பா, "ஞான் ஒன்னும் பறயுந்நில்ல. நிங்ஙள் தீருமானிச்சோளு" என்று முடிவை எங்களிடமே விட்டார். இரண்டு பேரும் அவள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, அவளுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன்: "லீலா, எங்க இருந்தா உனக்குச் சாப்பாடு எறங்கும்?"

"அவரு அங்க போவாண்டாம்னு எழுதியிருக்காரே மாமி."

"அவன் பம்பாயில இருக்கான். வயிறு உனக்காக்கும். உனக்கு எங்க எறங்கும்?"

அவள் நம் வீட்டைக் குறை சொல்வதாகிவிடுமோ என்று தயங்கினாள். பிறகு மிகவும் மெல்ல, "எங்க வீட்டுல" என்றாள். உன் அப்பா அவள் கையைப் பார்த்தார். வளையல் முழங்கைக்குப் பக்கம் வரை ஏறிக் கிடந்தது. "செரி. அங்கயே போவட்டு" என்றார். சம்பந்தியின் பக்கம் திரும்பி, தானே கண்டுபிடித்தது போல, "காலைல ஜெபத்துக்கு முன்னயே ஒரு பிடி பொரி குடுத்திரணும், கேட்டேரா? வெறும் வயித்துல முழங்கால் போட விடப்பிடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஆகவே லீலா அதியன்னூரில் இருக்கிறாள். ஊரில் பேசுகிறார்கள்தான். பேசட்டும். நீ வரும்போது நேராக அங்கே போ. உன் அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். அவர் ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்து அங்கே போய் வருகிறார். சம்பந்திகள் தாலுகாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்களாம். சில நாள் ஒப்பந்தம் மீறப்படுகிறது, சத்தம் ரோட்டுக்குக் கேட்கிறது என்று லீலா சொல்கிறாள். தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. இருவரில் ஒருவருக்கு வருத்தம் நிச்சயம். பிள்ளை இருவருக்கும் பேரப்பிள்ளை என்பதில் மாற்றமில்லை.

பிறகு நீ அவளைப் பம்பாய்க்கு அழைத்துப் போவாய். நாலாம் மாதத்தை ஒட்டிப் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும், சிலருக்கு நீளும், அடுத்த பிள்ளைக்கும் வரலாம். அப்போது உன்னோடு அவள் மட்டும்தான் இருப்பாள். வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லாதே, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடு. சோற்றோடு தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்ப வேண்டாம், இடையிடையே மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். ஆறிய சாப்பாட்டுக்கு வாசனை குறைவு, சூட்டில் பிடிக்காதது ஆறினால் பிடிக்கலாம். சாப்பிட்ட உடனே படுக்க வேண்டாம். தாளிக்கிற வேலையை நீ செய்; எண்ணெய் காயும்போது அவள் வெளியே நிற்கட்டும். சிலருக்கு இஞ்சியில் குறையும், லீலாவுக்கு எலுமிச்சையை முகர்ந்தால் குறைந்தது. ரத்தத்துக்கு என்று கொடுக்கும் இரும்பு டானிக் குமட்டலைக் கூட்டினால் நீயாக நிறுத்தாதே, கொடுத்த டாக்டரிடம் சொல். மாத்திரை எதுவும் அவரைக் கேட்காமல் வேண்டாம். லீலாவுக்கு எது குணம் தந்தது என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பொரியாக இருக்கலாம், வைட்டமினாக இருக்கலாம், யாரும் தன்னைக் கவனித்துக் கணக்கெடுக்காத ஒரு வீட்டில் தூங்கியதாக இருக்கலாம், நாட்கள் கடந்ததாகவும் இருக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததால் பிரித்துப் பார்க்க வழியில்லை. எனக்கு அதில் குறையும் இல்லை.

எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்று மட்டும் இனி எழுதாதே. அது உண்மையும் இல்லை, எனக்கு இருந்ததில்லை. உண்மையாகவே இருந்தாலும், குனிந்து நிற்கிறவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இன்றைக்கு எத்தனை தடவை என்று கேட்காதே. எது பிடித்தது என்று கேள்.

போன சனிக்கிழமை அதியன்னூருக்குப் போயிருந்தேன். லீலா அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கையும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலையும் தட்டில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளாகவே கேட்டு வாங்கியதாம். காரம், புளிப்பு, கிழங்கு, அதுவும் உச்சிவேளையில். நான் மேலே எழுதியிருக்கும் எதோடும் சேராது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். ஒரு துண்டை எடுத்துச் சம்மந்தியில் தொட்டாள். தின்றாள். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவள் கையைத் தொண்டையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது துண்டை எடுத்தவள் நிறுத்தி, "மாமி, இப்பிடிப் பாத்துட்டே இருக்காதுங்கோ, பாத்தா வந்துரும்" என்று சிரித்தாள். நான் முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் மெல்லுகிற சத்தம் கேட்டது, காரத்துக்கு உஸ் என்று மூச்சை இழுப்பது கேட்டது, மறுபடி மெல்லுகிற சத்தம் கேட்டது. தட்டை விரலால் வழிக்கும் சத்தம் வரும் வரைக்கும் நான் திரும்பவே இல்லை.

அம்மா